மிக்சிக்குள் போன பால்ரஸ் குண்டுகள்

(கச்சிராயபாளையத்தில் நடந்த குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வகுப்பறைக்கு வெளியே அறிவியல் என்ற தலைப்பில் பதினைந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் நன்றாக நடத்தியதாக நினைத்த ஒரு பாடத்தால் ஒரு வீட்டு மிக்சி உடைந்த கதையைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

எங்கள் பள்ளியில் காலை வாயிற்பொறுப்பு எனக்கு. பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாரத்தில் இரண்டு மூன்று நாள் தாமதமாக வருவாள். கோமுகி அணைப் பக்கத்திலிருந்து வருகிறவள். "அரசாங்கம் சைக்கிள் கொடுத்தும் நேரத்துக்கு வர முடியலையா?" என்று பலமுறை கேட்டிருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். ஏன் தாமதம் என்று ஒருநாளும் விசாரித்ததில்லை.

அவளுடைய தம்பி என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தான். கரைசல்கள் பாடம் நடத்தும்போது இரண்டு பீக்கரில் சர்க்கரை போட்டு, ஒன்றைக் கலக்கி, ஒன்றைக் கலக்காமல் வைத்துக் காட்டினேன். "கலக்கினால் சீக்கிரம் கரையும். எண்ணெய்ப் பிசுக்கு தண்ணீரில் கரையாது, மண்ணெண்ணெயில் கரையும்" என்றேன். பிள்ளைகள் நன்றாகப் பதில் சொன்னார்கள். எனக்கும் திருப்தி.

இரண்டு நாள் கழித்து அவனுடைய அம்மா பள்ளிக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து நசுங்கிய மிக்சி ஜாரை எடுத்து மேசைமேல் வைத்தார். "சார், சுத்தினா அழுக்கு சீக்கிரம் போயிடும்னு நீங்கதான் சொன்னீங்களாமே?" என்றார்.

நடந்தது இதுதான். அக்காவின் சைக்கிள் மிதிக்கவே வராமல் இறுகிப்போயிருந்தது. பாதி வழி தள்ளிக்கொண்டுதான் வருவாள். தம்பி பின்சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருந்த பால்ரஸ் குண்டுகளை எடுத்துப் பார்த்திருக்கிறான். கருப்பாகக் களிம்பு ஏறிக் கிடந்தன. சட்னி ஜாரில் போட்டு, கிருஷ்ணாயில் ஊற்றி, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டிருக்கிறான். ஒரு விநாடிதான். பிளேடு வளைந்தது, மூடி பறந்தது, கிருஷ்ணாயில் சுவரெல்லாம் தெறித்தது. பக்கத்தில் கேஸ் அடுப்பு. அந்த நேரத்தில் அடுப்பு எரியவில்லை. இன்று நான் உங்கள் முன்னால் இதைக் கதையாகச் சொல்ல முடிகிறது என்றால் அதற்கு அது ஒன்றுதான் காரணம்.

அந்த மிக்சி, 2011-ல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் அந்த வீட்டுக்கு வந்தது. சைக்கிளும் விலையில்லா மிதிவண்டித் திட்டத்தில் வந்தது. அரசு கொடுத்த ஒரு பொருளைச் சுத்தம் செய்யப்போய் அரசு கொடுத்த இன்னொரு பொருள் உடைந்தது. இரண்டையும் கொடுத்த அதே அரசின் பள்ளியில் சம்பளம் வாங்குகிற நான், எதை எப்படிக் கையாளுவது என்று சொல்லிக்கொடுக்காமல் விட்டிருக்கிறேன்.

ஜாரை மாற்றிக் கொடுத்தேன். பையனைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. நான் சொன்னதைத்தான் செய்திருந்தான். சுற்றினால் அழுக்கு விரைவில் போகும் என்பது சரிதான். எதைச் சுற்றலாம், எதில் சுற்றக்கூடாது என்பதை நான் சொல்லவில்லை.

மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டேன். முதல் கட்டத்தில், சைக்கிள் பாகங்களைச் சுத்தம் செய்ய வீட்டில் இருக்கும் எந்தச் சாதனம் உதவும் என்று கேட்டேன். மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின், குக்கர், ஹேர் டிரையர், மின்விசிறி என்று பட்டியல் நீண்டது. இரண்டாவது கட்டத்தில், அந்தச் சாதனம் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று எழுதச் சொன்னேன். மிக்சியும் வாஷிங் மெஷினும் கலக்குகின்றன. குக்கர் சூடாக்குகிறது. மின்விசிறி காற்றை நகர்த்துகிறது. பிறகு நானாக மூன்றாவது கட்டம் ஒன்று போட்டேன்: இதற்குள் எதைப் போடக்கூடாது, ஏன்? முந்தைய பாடத்தில் நான் விட்டுவிட்ட கட்டம் அதுதான்.

அந்த மூன்றாவது கட்டத்தை நிரப்ப இரண்டு பாடவேளை ஆனது. அதிலிருந்து சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

மிக்சியின் மோட்டாரில் கார்பன் பிரஷ்கள் இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் மின்மோட்டார் படத்தில் குறித்துக் காட்டுகிறோமே, அதே பிரஷ்கள்தான். மோட்டார் சுற்றும்போது அவற்றில் பொறி பறக்கும். இருட்டில் மிக்சியை ஓட்டிக் காற்றுத் துளை வழியாகப் பார்த்தால் நீல ஒளி தெரியும். மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை சுமார் 38 டிகிரி செல்சியஸ். சித்திரை மாதம் நம் ஊர் வெயிலே அதைத் தொட்டுவிடும். பெட்ரோலுக்கோ அது பூச்சியத்துக்கும் 40 டிகிரி கீழே. அதாவது பெட்ரோல் எந்த நாளும், எந்த நேரமும் தீப்பிடிக்கத் தயாராக இருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதியபோது வகுப்பு அமைதியானது. அந்தப் பையன் எழுந்து, "சார், அப்ப அன்னிக்கு வீடே போயிருக்குமா?" என்று கேட்டான். "போயிருக்கலாம்" என்றேன். மழுப்ப மனமில்லை.

"கிரைண்டர் மெதுவாத்தானே சுத்தும் சார்?" என்றாள் ஒரு மாணவி. நல்ல கேள்வி. ஆனால் கல்லின் நுண்துளைகளில் இறங்கிய எண்ணெய் திரும்ப வராது. அதன்பிறகு அந்த வீட்டில் இட்லி தின்ன முடியாது. குக்கரில் போட்டுக் கொதிக்கவைத்தால் மேலே மிதக்கும் கிரீஸ் ஆவி போகும் துளையை அடைக்கலாம். துளை அடைபட்ட குக்கர் என்ன ஆகும் என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். வாஷிங் மெஷினில் போட்டால் செயின் டிரம்மைக் கீறும். அதில் ஒட்டிய கருப்பு எண்ணெய் அடுத்த நாள் வெள்ளைச் சட்டையில் வந்து நிற்கும். வெளிநாடுகளில் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் சைக்கிள் செயினைப் போடுகிறவர்கள் உண்டு. சோறு தின்னும் தட்டும் அதே இயந்திரத்தில்தான் கழுவப்படுகிறது என்று சொன்னதும், பிள்ளைகள் முகம் சுளித்தார்கள்.

பட்டியலில் தேறியது மின்விசிறி ஒன்றுதான், அதுவும் சோப்புத் தண்ணீரில் கழுவிய பாகத்தை உலர்த்த மட்டும். சுடுகம்பி உள்ள ஹேர் டிரையரை மண்ணெண்ணெய் பட்ட பொருளின் அருகிலேயே கொண்டுபோகக்கூடாது. நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்?

அப்படியானால் எப்படித்தான் சுத்தம் செய்வது? அதைக் கற்றுக்கொள்ள மாணவர்களைச் சைக்கிள் கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் முப்பது ஆண்டுக்கு மேல் ஓவராயில் செய்பவர். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லை. ஆனால் அவர் கையில் நம் பாடநூல் முழுவதும் இருந்தது.

முதலில், காய்ந்த பழந்துணியாலும் பல் தேய்த்துத் தேய்ந்த பிரஷாலும் துடைத்தார். அதிலேயே பாதி அழுக்கு போய்விட்டது. "ஈரம் படறதுக்கு முன்னாடி மண்ணை எடுத்திடணும் தம்பி, இல்லன்னா அது உள்ள போயி அரைக்கும்" என்றார். மணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 7. அது எண்ணெயோடு சேர்ந்தால் எஃகையே தேய்க்கும் பசையாகிவிடும். கரும்பு அரைவைக் காலத்தில் டிராக்டர்கள் கிளப்பும் புழுதியில் வரும் நம் பிள்ளைகளின் சைக்கிளில் இந்தப் பசைக்குக் குறைவே இல்லை.

குண்டுகளை எடுக்கும் முன் எண்ணச் சொன்னார். பின்சக்கரத்தில் பக்கத்துக்கு 9, மொத்தம் 18, கால் அங்குலக் குண்டுகள். பிறகு அகன்ற வாயுள்ள பழைய ஊறுகாய் பாட்டிலில் போட்டு, குண்டுகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் கிருஷ்ணாயில் ஊற்றி, மூடி, வாசலில் நின்றபடி கையால் குலுக்கினார். இரண்டு நிமிடம். குண்டுகள் பளபளவென்று வந்தன. மிக்சி செய்யவேண்டும் என்று பையன் நினைத்த வேலை அதுதான். பொறி இல்லை, பிளேடு இல்லை, மின்சாரமும் இல்லை.

கலங்கிய கிருஷ்ணாயிலை அவர் கொட்டவில்லை. ஓரமாக வைத்தார். முந்தைய நாள் வைத்த பாட்டிலைக் காட்டினார். அடியில் கருஞ்சேறு, மேலே தெளிவு. தெளிவை மெல்ல வேறு பாட்டிலுக்கு இறுத்தார். ஆறாம் வகுப்பில் நாம் நடத்தும் படிய வைத்தலும் தெளிய வைத்து இறுத்தலும் அங்கே தினமும் நடக்கின்றன. அடிச்சேற்றைக் கழிவு எண்ணெய் டப்பாவில் சேர்த்தார். வாய்க்காலில் ஊற்றினால் கோமுகியில்தானே போய்ச் சேரும்?

கீழே சிந்திய குண்டுகளைக் காந்தம் கட்டிய கயிற்றால் எடுத்தார். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் காந்தத்தை அறிமுகம் செய்ய இதைவிட நல்ல விளையாட்டு வேண்டியதில்லை.

எண்ணெய் விடுவதிலும் ஒரு பாடம் கிடைத்தது. பெரும்பாலான வீடுகளில் செயினுக்குத் தேங்காய் எண்ணெய்தான். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மலையில் பணியாற்றும் ஆசிரியர்களுக்குச் சொல்லவே வேண்டாம், வெள்ளிமலையில் மார்கழி விடியலில் பாட்டிலுக்குள் இருப்பதே கட்டியாக இருக்கும். செயினுக்குள் மட்டும் உறையாமல் இருக்குமா? நல்லெண்ணெய், கடலெண்ணெய் போட்டால் காற்றுப்பட்டு நாளாக நாளாகப் பிசினாகிப் புழுதியைப் பிடித்துவைக்கும். "உங்கம்மா தையல் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவாங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. தையல் மெஷின் எண்ணெயையே செயினுக்கும் விடலாம். இணைப்புக்கு ஒரு சொட்டு. சுற்றிவிட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். சக்கரத்தின் உள்ளே குண்டுகளுக்கு கிரீஸ்.

கணக்கு ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். செயினில் ஓர் ஆணியிலிருந்து அடுத்த ஆணி வரை அரை அங்குலம். எனவே 24 இணைப்புகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். தையல் டேப்பை வைத்து அளந்தால் பழைய செயின் கூடுதலாகக் காட்டும். ஆணிகள் தேய்ந்ததால் வந்த நீளம் அது. 12 அங்குலத்துக்கு மேல் அரைக்கால் அங்குலம், அதாவது எட்டில் ஒரு பங்கு, கூடியிருந்தால் செயினை மாற்றிவிட வேண்டும். அது எத்தனை சதவீதம் என்று ஏழாம் வகுப்பில் கேளுங்கள். ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் வரும். சதவீதம் என்றால் வட்டிக் கணக்கு மட்டும்தான் என்று நினைக்கும் பிள்ளைக்கு இது புதிதாக இருக்கும்.

இதைப் பள்ளியில் செய்யும்போது சில கட்டுப்பாடுகள் வேண்டும். மண்ணெண்ணெயை ஆசிரியர் மட்டுமே கையாள வேண்டும், திறந்த வெளியில், அருகில் நெருப்பில்லாமல். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை வெந்நீரும் துணி சோப்பும் போதும். பத்தாம் வகுப்பில் சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை நீரையும் பிடிப்பதைப் படமாக வரைகிறோம். கையில் கருப்பு கரைந்து ஓடுவதைப் பார்த்த பிள்ளைக்கு அந்தப் படம் உடனே புரிகிறது. தண்ணீர் பட்ட பாகத்தை அப்போதே துடைத்து வெயிலில் வைக்க வேண்டும், விட்டால் மறுநாளே துரு. சுத்தம் செய்யும் கிண்ணம், பிரஷ், பாட்டில் எதுவும் மீண்டும் சமையலறைக்குப் போகக்கூடாது.

கடைசியாக அந்த மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைக்குப் போன அன்று தம்பியோடு அவளையும் வரச் சொன்னேன். பின்சக்கரத்தை அவளே பூட்டினாள். கோன் அதிகம் இறுகினால் சக்கரம் சுற்றாது, தளர்ந்தால் ஆடும். மூன்றாவது முறை சரியாக வந்தது. வாயிலில் அவளைக் கேட்டதற்காக வருந்துகிறேன் என்று அன்று சொன்னேன். "பரவால்ல சார்" என்றாள்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் தாங்களாகவே பயணம் போகத் தொடங்கினார்கள். இன்று நம் மாணவிகளுக்கு ஓட்டத் தெரியும், சைக்கிளும் கையில் இருக்கிறது. அது நின்றுபோனால் திறந்து பார்க்கத் தெரியவில்லை. மிதிவண்டி நிறுத்துமிடத்தில் துருப்பிடித்துச் சாய்ந்திருக்கும் சைக்கிள்களை நாளைக் காலை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அவற்றுக்கு உரிய பிள்ளைகள் இப்போது எப்படிப் பள்ளிக்கு வருகிறார்கள் என்றும் கேளுங்கள். நான் அதைக் கேட்க ஓர் ஆண்டு தாமதித்துவிட்டேன்.

எங்கள் பள்ளியில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை இந்த வேலை நடக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். வரும்போது ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலும் தேய்ந்த பல் பிரஷும் கொண்டுவாருங்கள்.