சாக்கிய நாயனார் காட்டும் நெறி



அறுபத்து மூவருள் ஒருவர் தாம் கொண்ட பௌத்தக் கோலத்தைக் களையாமலே சிவனடி சேர்ந்தவர். அவரே சாக்கிய நாயனார். பிறவித் துன்பத்தினின்று நீங்கும் வழி நாடிக் காஞ்சிமாநகர் அடைந்து பௌத்தராயினார் என்று பெரியபுராணம் கூறும். பின்னர்ச் சிவநெறியே மெய்ந்நெறி எனத் தெளிந்தார். அத்தெளிவில் இரு சமயங்களின் ஒற்றுமையும் வேற்றுமையும் அடங்கிக் கிடக்கின்றன.

பிறவி துன்பம் என்பதும், அதற்கு வினை காரணம் என்பதும், கொல்லாமை முதலிய அறங்கள் இன்றியமையாதன என்பதும் இருவர்க்கும் உடன்பாடு.

வேற்றுமை யாது? செய்வினை, செய்பவன், வினைப்பயன், பயனைக் கூட்டுவிப்பவன் என நான்கு உண்மைகளை நாயனார் கண்டார். பௌத்தர் இவற்றுள் வினையையும் பயனையும் கொண்டனர். உருவம், வேதனை, குறிப்பு, பாவனை, விஞ்ஞானம் என்னும் ஐங்கந்தங்களின் தொடர்ச்சியன்றி நிலைத்த உயிர் வேறில்லை என்றனர். வினை தானே பயன் விளைக்கும், இறைவன் வேண்டா என்றனர். சைவரோ, வினை அறிவற்றது என்பர். மருந்து தன் குணத்தைத் தான் அறியாது. நோயும் காலமும் அறிந்து கொடுக்க மருத்துவன் வேண்டும். அவ்வாறே வினைப்பயனை உயிருக்குக் கூட்டுவிக்க இறைவன் வேண்டும்.

நாயனார் வெட்டவெளியில் சிவலிங்கங் கண்டு, அன்பு மேலிட்டு அருகிற் கிடந்த கல்லை எறிந்தார். இறைவன் அதனை மலராக ஏற்றான். நாள்தோறும் அதுவே பூசையாயிற்று. ஒருநாள் மறந்து உண்ணப் புகுந்தவர், நினைவு வரவே பசியையும் பாராது ஓடிக் கல்லெறிந்தார். அன்றே இறைவன் காட்சி தந்து ஆட்கொண்டான். பொற்கலசம் ஈந்தவரும், திருப்பணிக்கு ஒரு கல் சுமந்தவரும் அவன் திருமுன் ஒரு நிகரே; அவன் கொள்வது அன்பு ஒன்றே.

கொள்கையில் உறுதி என்பது பிறர்பால் பகை அன்று. தஞ்சைப் பெருங்கோயில் எடுத்த சிவபாதசேகரனாகிய முதலாம் இராசராசனே, ஸ்ரீவிசய வேந்தன் நாகப்பட்டினத்தில் அமைத்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். மைந்தன் இராசேந்திரன் அவ்வறத்தைச் செப்பேட்டில் நிலைநிறுத்தினான். லெய்டன் செப்பேடுகள் இதற்குச் சான்று. மாற்றார் கொள்கையை மறுத்தற்கு முன் அதனை முறையாக எடுத்துரைக்க வேண்டும் என்னும் நேர்மை, சிவஞானசித்தியார் பரபக்கத்திலும் விளங்குகின்றது.

கல்லையும் மலராகக் கொண்ட பெருமானது திருக்கோயிலுக்குத் திருக்குடமுழுக்குச் செய்வோர், கொள்கைத் தெளிவோடு எவ்வுயிர்க்கும் அன்பும் பூண்டு வாழ்தலே அத்திருப்பணியின் நிறைவாகும்.

திருச்சிற்றம்பலம்.