ஜீப் நின்ற நாளில் கடன் கொடுத்தது யார்?



போன வாரம் போடியில் ஒரு வீட்டு வாசலுக்குப் பார்சல் வந்தது. இத்தனை பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே பிளாஸ்டிக் தாள். அதற்கும் உள்ளே ஐம்பது கிராம் பாக்கெட். என்ன தெரியுமா? ஏலக்காய்! நறுமணப் பொருள் வாரியம் ஏலம் நடத்துகிற போடிக்கு, நம் பெண்கள் மூட்டை மூட்டையாகத் தரம் பிரிக்கிற போடிக்கு, எங்கோ ஒரு குடோனிலிருந்து ஏலக்காய் வருகிறது! வயிறு எரிகிறதய்யா!

"விலை குறைவு, வீட்டுக்கே வருது, காலம் மாறிப்போச்சு." இவ்வளவுதான் ஆன்லைன் கம்பெனிகளின் வாதம். நான் கேட்பது ஒரே கேள்வி. 2020 மார்ச்சில் ஊரடங்கு. குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு எல்லாம் அடைத்தாயிற்று. விடிவதற்குள் இடுக்கித் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் நின்றது. கூலி நின்றது. அன்று கடன் கொடுத்தது யார்? மார்ச் 25-ஆம் தேதி, சேவையைத் தற்காலிகமாக நிறுத்துகிறோம் என்று ஃபிளிப்கார்ட் அறிவித்தது. ரேஷனில் அரிசி, பருப்பு வந்தது, மறுக்கவில்லை. புளி? பிள்ளைக்குச் சோப்பு? கூடலூரிலும் சின்னமனூரிலும் பாதிக் கதவைத் திறந்து, "எழுதிக்கிறேன், கொண்டு போம்மா" என்றது யார்? தெருமுனை மளிகைக்காரர்!

இன்று ஆர்டர் போடுகிற அந்தச் செல்போனிடம் சொல்லிப் பாருங்கள்: "திராட்சை வெட்டினதும் காசு தர்றேன், ரெண்டு கிலோ சீனி கொடு." "ஒன்றை அழுத்தவும்" என்னும். ஒன்பது வரைக்கும் அழுத்துங்கள், சீனி வராது!

இப்படிப்பட்ட கடைக்காரருக்கு அரசு கொடுத்த பரிசு என்ன? 2024 அக்டோபர் 10 முதல் கடை வாடகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. கட்டிட உரிமையாளர் ஜிஎஸ்டியில் பதிவு செய்யாதவரா? பதிவு செய்த வாடகைதாரரே, கட்டும்! ஜிஎஸ்டி காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிற சின்ன வியாபாரி அதைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. அநியாயம்! கத்தினோம். டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் அந்தச் சின்ன வியாபாரிகளை விடுவித்தது. கத்தாமல் இருந்திருந்தால்?

பெரிய கம்பெனிகளுக்கோ சட்டம் புத்தகத்தில் மட்டும். வெளிநாட்டு மூலதனம் போட்ட ஆன்லைன் தளம் சந்தையாக இருக்கலாம், தானே சரக்கு வைத்து விற்கக்கூடாது. 2019 பிப்ரவரியில் அந்த விதியை இன்னும் இறுக்கினார்கள். அமேசானும் ஃபிளிப்கார்ட்டும் வேண்டிய விற்பனையாளர்களுக்குச் சலுகை காட்டின என்று இந்தியப் போட்டி ஆணையத்தின் விசாரணைப் பிரிவே 2024-ல் சொன்னது. நமக்குத் தராசில் முத்திரை இல்லாவிட்டால் அன்றைக்கே அபராதம்!

கடைக்காரர்களே, உங்களுக்கும் சொல்கிறேன். விலையை எழுதிப் போடுங்கள், பில் கொடுங்கள், எடையில் கை வைக்காதீர்கள். வைப்பவனுக்காக நான் பேச வரவில்லை.

தாய்மார்களே, ஜீப் நின்ற நாளில் கடன் கொடுத்தது யார் என்று உங்களுக்குத் தெரியும். வருகிற ஒன்றாம் தேதி மாதச் சாமான் சீட்டை அவர் கையில் கொடுங்கள். பழைய பாக்கி இருந்தால், அதையும் சேர்த்துக் கொடுங்கள்.