உண்ணாதபோதும் சர்க்கரை ஏறுவது ஏன்?



இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, நம் புதுச்சேரியில் 20 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் நூற்றுக்கு 26 பேருக்கு நீரிழிவு உள்ளது.

இரவு உணவைத் தவிர்த்தும் காலையில் சர்க்கரை கூடியிருப்பதாகப் பலர் வருந்துகின்றனர். காரணம் கல்லீரல். நாம் உண்ணாத நேரத்தில் உடலுக்கு வேண்டிய சர்க்கரையைச் சேமிப்பிலிருந்து எடுத்தும் புதிதாக ஆக்கியும் அதுவே வழங்குகிறது. அது மிகாமல் தடுப்பது இன்சுலின். கல்லீரலில் கொழுப்பு சேரச் சேர, இன்சுலினின் கட்டளைக்கு அது செவிசாய்ப்பதில்லை; இரவு முழுதும் தேவைக்கு மேல் சர்க்கரையை வெளியிடுகிறது. மெட்பார்மின் மாத்திரை முக்கியமாக இதனையே அடக்குகிறது.

எனவே பட்டினி மருந்துக்கு மாற்றன்று. ரமழானில் மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் சர்க்கரை ஏறும். வழக்கமான இன்சுலின் அளவை மாற்றாமல் நோன்பிருந்தால் மயக்கமுறும் அளவுக்குத் தாழவும் கூடும். ஆகவே ஷஅபான் மாதத்திற்கு முன்பே மருத்துவரைக் கண்டு, மருந்தின் அளவையும் வேளையையும் கேட்டறியுங்கள். நோன்பு வேண்டாமென அவர் கூறினால், நோயாளிக்கு அல்லாஹ் அளித்த சலுகையை ஏற்பதில் குறையேதுமில்லை.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல்நலம் அருள்வானாக. ஆமீன்.