மண்ணே சான்று

கோட்டை என்றவுடன் நாம் கருங்கல் மதிலையே எண்ணுகிறோம். கல்லே இல்லாத கோட்டைகளும் உண்டு. 1066-ஆம் ஆண்டில் நார்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்றபின், நார்மானியர் விரைந்து எழுப்பியவை பெரும்பாலும் மண்கோட்டைகளே. அகழி வெட்டிய மண்ணைக் குன்றாகக் குவித்தனர். அதன் உச்சியில் மரக்கோபுரமும், அடியில் மரவேலி சூழ்ந்த முற்றமும் அமைத்தனர். ஹேஸ்டிங்ஸில் இவ்வாறு மண் குவித்த காட்சியைப் பாயூ நகரத்துச் சித்திரத் துணியில் இன்றும் காணலாம்.

காலப்போக்கில் மரம் மக்கியது. புல் மூடிய மேடே எஞ்சியது. வெறும் மேடுதானே என்று நாம் கருதலாமா? வேல்ஸின் கிழக்கெல்லையிலுள்ள ஹென் டோமன் இதற்கு விடை கூறும். பிலிப் பார்க்கரும் அவர் குழுவினரும் 1960 முதல் 1992 வரை அங்கே அகழ்ந்தாராய்ந்தனர். மண்ணின் நிற வேறுபாட்டைக் கொண்டே தூண் நின்ற குழிகளை அறிந்தனர். முற்றத்தில் கட்டடங்கள் நெருங்கி நின்றதும், அவை பன்முறை மாற்றிக் கட்டப்பெற்றதும் புலனாயின.

இத்தகைய சான்றைக் கலப்பையும் மரவேரும் முயல்வளையும் சிதைத்துவிடும். பிரிட்டனில் தொல்சின்னங்களுக்கான முதற்சட்டம் 1882-இல் தோன்றியது. இன்று இங்கிலாந்தில் 1979-ஆம் ஆண்டுச் சட்டமும், வேல்ஸில் 2023-ஆம் ஆண்டுச் சட்டமும் காவலாக உள்ளன. பட்டியலில் சேர்ந்த மேட்டை அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். ஆயினும், முன்பே உழுதுவந்த நிலத்தில் வரம்புக்குட்பட்டு உழவு தொடர இங்கிலாந்தில் இடமுண்டு. உழவரின் பிழைப்பையும் நாம் மறுக்க இயலாது. எனவே அவரது இசைவும் வேண்டும். சரிந்த கல்லை மீண்டும் அடுக்கலாம். கலைந்த மண்படிவை எவராலும் அடுக்க இயலாது.