மரத்தில் பறந்த ரோகிணி

(குழந்தைகள் தினக் கூட்டத்தில் நம் குடியிருப்புவாசி ஒருவர் பேசியது)

பிள்ளைகள் மொட்டை மாடியில் தெர்மாகோல் விமானம் விடுவதைப் பார்த்துச் செயலாளர் என்னை மாட்டிவிட்டார். எண்ணூர்ப் பக்கம் வார்ப்படத் தொழிற்சாலையில் மர அச்சு செய்தவன் நான். அதற்கு முன் கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவு. அங்கேதான் ரோகிணியைப் பார்த்தேன்.

அது எஞ்சின் இல்லாத கிளைடர். டெல்லியில் சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையத்தில் ராமாமிர்தம் வடிவமைத்தது; 1961-ல் முதலில் பறந்தது. உடம்பு மரம். இறக்கை 16 மீட்டருக்கு மேல். நம்ம பார்க்கிங்கில் ஆறு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற அகலம்!

அதற்கு முந்தைய அஸ்வினியில் இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக உட்காருவார்கள். ரோகிணியில் பக்கத்தில் பக்கத்தில். உடம்பு அகலமானால் காற்றின் தடை கூடும், நஷ்டம்தான். ஆனால் பையன் கை நடுங்குவது ஆசிரியர் கண்ணில் படும். கத்திப் பேச வேண்டாம். கற்றுக்கொடுக்கிற வண்டிக்கு அதுதான் சரி என்பேன்.

இறக்கைக்குள் முதுகெலும்பு மாதிரி ஒரு நீளக் கட்டை, 'ஸ்பார்'. இறக்கை வளையாமல் அது தாங்கும். அதன் முன்பக்கம் பிளைவுட் சுற்றி ஒட்டிப் பெட்டியாக்கினால் முறுக்காது. பின்பக்கம் வெறும் துணி. எல்லாம் பசையை நம்பித்தான் நிற்கிறது. நம்ம வீட்டு சிங்க் அடியில் பிளைவுட் ஊறிப் பிரியுதே, மரக் கிளைடருக்கும் அதே எமன்தான். துணிக்குள்ளே நடப்பது வெளியே தெரியாது.

ஒருநாள் இறக்கை நுனியைப் பிடித்துத் தள்ளும்போது தடுமாறி முட்டியால் இடித்துவிட்டேன். 'டிக்' என்று ஒரு சத்தம். வெளியே கீறல்கூட இல்லை. சொன்னால் பறக்க விடமாட்டார்கள். வரிசையில் அடுத்தது என் நண்பன். அவன் பெல்ட் போடும்வரை வாயைத் திறக்கவில்லை, அப்புறம்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். மெக்கானிக் அண்ணன் துணியைக் கிழித்தார். உள்ளே ஒரு ரிப் முறிந்து கிடந்தது. அவர் திட்டவில்லை. "எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். இருபது நிமிஷம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு மாடிக்கு வாங்க பிள்ளைகளா. பால்சா மரமும் பசையும் நான் கொண்டுவருகிறேன். பழைய பேப்பர் நீங்கள் எடுத்து வாங்க, தரை வீணாகக் கூடாது.