பழைய தாளில் ஒரு பெரிய தாத்தா

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் ஒரு போடு போட்டுவிட்டுப் போனார். "செத்துப்போனவன் செஞ்ச குத்தத்தைத் தோண்டி எடுத்து என்னய்யா செய்யப் போறீங்க? பொண்ணு பார்க்க வர்றவங்ககிட்ட காட்டப் போறீங்களா?" என்றார். நீங்களெல்லாம் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன்!

ஆனால் ஐயா, எங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தார். என் தாத்தாவுக்கு அண்ணன். "ரங்கூன் போனாரு, திரும்பலை." இவ்வளவுதான் சொல்வார்கள். அந்தக் காலத்தில் வீட்டைவிட்டுக் காணாமல் போனவங்க எல்லாரும் ரங்கூன் போனவங்கதான்! (சிரிப்பு) அவர் பெயரை எந்தப் பேரனுக்கும் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டால் அப்பாவுக்குக் கோபம் வரும்.

கோபம் வந்தால் வாத்தியாருக்குச் சந்தேகம் வராதா? தேட ஆரம்பித்தேன். பழைய நாளிதழ்களின் படச்சுருளை ஓட்டி ஓட்டிக் கண் வீங்கிப் போச்சு. 1918-ஆம் வருஷத்துத் தாள் ஒன்றில் அகப்பட்டார் பெரிய தாத்தா. மூன்றே வரி. "கொள்ளைக் கூட்டத்தில் முக்கியமானவன்" என்று போட்டிருந்தது. நண்பர் சொன்னதுதான் சரியோ என்று அன்றைக்கு நானும் நினைத்தேன்.

அத்தோடு எழுந்து வந்திருந்தால் நான் இந்த அணியில் உட்கார்ந்திருக்க மாட்டேன். வழக்குப் பதிவைத் தேடினேன். அதெல்லாம் இங்கிலீஷில் இருக்கு. அவர் பெயரிலோ ஒரு ழகரம்! ஓர் எழுத்தர் அதை 'எல்' போட்டு எழுதியிருக்கிறார், இன்னொருவர் 'இசட்' போட்டு. தமிழனுக்கே வராத ழகரம், வெள்ளைக்காரன் கச்சேரியில் என்ன பாடு பட்டிருக்கும்! ஊர், தகப்பன் பெயர், வயது மூன்றும் ஒத்துவந்த பிறகுதான் நம்பினேன். அவசரப்பட்டு அடுத்த வீட்டுத் தாத்தாவைத் திருடனாக்கிவிடக் கூடாது, பாருங்க.

அவரிடம் கைப்பற்றிய பொருள் என்ன தெரியுமா? நாலு படி அரிசி. தண்டனை ஆறு மாதம் கடுங்காவல்.

1918 எப்படிப்பட்ட வருஷம்? உலகப்போர் நேரம். பர்மா அரிசி வரத்து சுருங்கியது, விலை ஏறியது. சென்னை முதல் பல ஊர்களில் ஜனங்கள் தானியக் கடைகளில் புகுந்தார்கள். மூன்று வரிச் செய்தியில் கொள்ளை இருந்தது. பசி இல்லை!

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 1788 முதல் 1868 வரை சுமார் 1,62,000 கைதிகளைப் பிரிட்டன் கப்பலேற்றி அங்கே இறக்கியது. அவர்கள் வம்சத்தார் வெகுகாலம் வாயே திறக்கவில்லை. இன்றைக்கு அவர்களே பதிவேட்டைத் தேடிப் போகிறார்கள். டாஸ்மேனியாக் கைதிப் பதிவேடுகளில் உயரம், கண்ணின் நிறம், தழும்பு, பச்சை குத்திய படம் வரைக்கும் இருக்கிறது. ஜமீன்தாருக்கு ஓவியம் வரைந்து மாட்ட ஆள் உண்டு. ஏழையின் முகத்தை உற்றுப்பார்த்து எழுதி வைத்தவன் சிறைச்சாலைக் குமாஸ்தா ஒருத்தன்தானய்யா!

"பதிவேட்டில் இருப்பதெல்லாம் உண்மையா?" என்றும் கேட்டார். இல்லை! 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் அமலானது. ஒன்றுமே செய்யாதவனும் இன்ன சாதியில் பிறந்தான் என்பதற்காகக் கைரேகை வைத்தான். மறுத்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3-இல் சுட்டார்கள். அந்தப் பதிவேட்டில் தன் பாட்டன் பெயரைப் பார்க்கிற பேரன், யார் செய்த குற்றத்தைப் படிக்கிறான்? நண்பர் யோசித்துச் சொல்லட்டும்.

மணி அடிக்கிறது, முடித்துக்கொள்கிறேன். அந்தத் தாளை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். எண்பத்து நாலு வயசு. திட்டுவார் என்று பயந்தேன். வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "நாலு படியாடா?" என்றார். "இடது புருவத்துல தழும்புன்னு போட்டிருக்கே, நல்லாப் பார்த்தியா?" என்றார்.

அந்த ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் விடும்போது, வழக்கமாகச் சொல்கிற பெயர்களெல்லாம் முடிந்தன. அப்பா கையை எடுக்கவில்லை. இன்னும் ஒரு பெயர் சொன்னார்.