பூனையை விரட்டிய கதை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"அஞ்சு நிமிஷம்தான், அதுக்கு மேல மைக்கைப் பிடுங்கிடுவேன்" என்று நம் செயலாளர் மிரட்டியிருக்கிறார். அதனால் ஒரே ஒரு கதை.

1996-ல் நான் முழுகாமல் இருந்தேன். வீட்டில் மணி என்று ஒரு பூனை. "வயித்துல புள்ளையை வச்சிக்கிட்டு பூனை எதுக்கும்மா?" என்றார் என் அத்தை. மறுநாளே என் கணவர் அதைச் சாக்கில் போட்டு மார்க்கெட்டில் விட்டுவிட்டு வந்தார். டாக்ஸோபிளாஸ்மா பற்றிப் பத்து மார்க் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். வாயே திறக்கவில்லை.

அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. 'ஐஜிஜி பாசிட்டிவ்.' மூன்று ராத்திரி தூக்கமில்லை. குழந்தைக்குக் கண் போகுமோ, மூளை பாதிக்குமோ என்று அழுதேன். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். "ஐஜிஎம் நெகட்டிவ்னு பக்கத்துலயே இருக்கே, படிக்கலையா? இது என்னைக்கோ வந்து போன தொற்று. உனக்கு எதிர்ப்பு சக்தி இருக்குன்னு அர்த்தம்" என்றார்.

விஷயம் இதுதான். கர்ப்ப காலத்தில் முதன்முதலாகத் தொற்றினால்தான் பெரும்பாலும் ஆபத்து. ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்தாலும் உடனே இடிந்துபோக வேண்டாம். அது பல மாதங்கள் ரத்தத்தில் தங்கக்கூடியது. தொற்று பழசா புதுசா என்று பார்க்க 'அவிடிட்டி' என்ற மறுபரிசோதனை இருக்கிறது. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து எந்த முடிவும் எடுத்துவிடாதீர்கள்.

பூனையைத் தடவினால் இது ஒட்டிக்கொள்வதில்லை. அதன் மலத்தில்தான் கிருமி வருகிறது. பூனையும் பெரும்பாலும் முதல் தொற்றின்போது மட்டும், ஓரிரு வாரங்கள்தான் அதை வெளியேற்றும். வெளியே வந்த கிருமி தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும். ஆகவே மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அதையும் வீட்டுக்காரர் செய்யட்டும்! ஆள் இல்லையென்றால் கையுறை போட்டுச் செய்து, சோப்பால் கை கழுவுங்கள். பூனைக்குப் பச்சை இறைச்சி வேண்டாம். அந்த மாதங்களில் புதுக் குட்டியும் வேண்டாம். தோட்ட மண்ணைக் கிளறும்போதும் கையுறை வேண்டும். நாமும் அரைவேக்காட்டுக் கறியைத் தொடக்கூடாது. காய்கறி, கீரையை நன்றாகக் கழுவ வேண்டும். பூனையே இல்லாத வீட்டிலும் சாப்பாட்டு வழியாக இது வரும்.

2023-ல் என் மகள் கர்ப்பமானாள். அவள் வீட்டில் பூனையோடு ஒரு ஹாம்ஸ்டரும் உண்டு. அதில் மட்டும் நான் கண்டிப்பு. வீட்டு எலியிடமிருந்து எல்சிஎம் என்ற வைரஸ் ஹாம்ஸ்டருக்கு வரலாம். பார்க்க நன்றாகவே இருக்கும். தாய்க்குத் தொற்றினால் கருச்சிதைவு ஆகலாம், குழந்தையின் மூளை பாதிக்கப்படலாம். அதனால் கூண்டு வேறு அறைக்குப் போனது. கழுவுவதும் தீனி போடுவதும் மருமகன் பொறுப்பு. பூனை மட்டும் அவள் காலடியிலேயே கிடந்தது. பேத்தி சுகமாகப் பிறந்தாள்.

"எதுக்கும்மா பூனை?" என்று கேட்ட அதே அத்தை, இப்போது வீடியோவில் பூனையையும் கொள்ளுப்பேத்தியையும் சேர்த்துப் பார்த்துச் சிரிக்கிறார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் பயந்தது என் பிள்ளைக்காக. படித்த நான்தான் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

டாக்டரம்மா சொன்ன அன்றைக்கே என் கணவர் மார்க்கெட்டுக்கு ஓடினார். மீன்கடைப் பக்கமெல்லாம் தேடினார். மணி கிடைக்கவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் பயந்தால், சாக்கை எடுக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.